தூலிக்கியின் கல்லில் ஒரு சொல்

கொய்வுலம்பி இளைஞர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பேற்று, இன்றைய விழாவுக்கும் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஹில்க்கா தொசவைனென் அவர்களே. பிரசங்கம் செய்வது தன் வேலை என்பதை இன்று ஒருநாள் மறந்து, கைகட்டிக் கேட்க அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே. நாற்பத்துமூன்று ஆண்டுகளாக இந்த நாட்டின் சமையலறைகளிலும் பால்வண்டிகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கும் குரலுக்குச் சொந்தக்காரரும், என் கையில் எத்தனை தாள் இருக்கிறது என்று கவலையோடு எண்ணிக்கொண்டிருப்பவருமான பாடகி தூலிக்கி ரேசனென் அவர்களே. காலையிலிருந்து ஏலக்காய் பன் சுட்டு, காப்பிக் கொப்பரையின் பக்கம் கால்கடுக்க நிற்கும் தாய்மார்களே. வயதில் என்னை மிஞ்சி, வாய்ப்பேச்சில் என்னிடம் தோற்கும் பெரியவர்களே. வழக்கம்போல் பின்வரிசையில் மட்டும் நெருக்கி உட்கார்ந்து முன்வரிசையைக் காலியாக விட்டிருக்கும் இளைஞர்களே. அழைக்காமலே வந்து அனைவரிடமும் அன்பு காட்டும் ஏரிக்கரைக் கொசுக்களே. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பாராட்டிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். பாராட்டுவேன். ஆனால் பாராட்டுக்கு முன்னால் ஒரு புகார் இருக்கிறது.

மேடைக்குக் கீழே துணி போர்த்தி நிற்கிறதே ஒரு கருங்கல், இன்னும் அரைமணி நேரத்தில் தலைவர் துணியை விலக்கப் போகிறாரே, அந்தக் கல்லில் ஒரு சொல் பொய்.

யார் அங்கே சிரிப்பது? சிரிக்க வேண்டாம். புதன்கிழமை மாலை யாரும் இல்லாதபோது துணியைத் தூக்கி நானே படித்தேன். திருட்டுத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன். கல்லில் இப்படி இருக்கிறது: 'பெண்கள் முறை விளக்கை ஆர்வோ கின்னுனென் துணிந்து ஏற்றிய மாலையில், தூலிக்கி ரேசனெனின் முதல் பாட்டு இங்கே பிறந்தது.' இடம் சரி. மாலை சரி. பெயர்கள் சரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கல்தச்சர் எஸ்கோவின் கை கெட்டிக்காரக் கை. ஆனால் 'துணிந்து' என்று ஒரு சொல் நடுவில் நிமிர்ந்து நிற்கிறதே, அது பொய். அந்த ஆர்வோ கின்னுனென் நான்தான். ஆகையால் எனக்குத் தெரியும்.

இதில் சிக்கல் என்ன தெரியுமா? அந்தச் சொல் எஸ்கோவின் சொல் இல்லை, சங்கத்தின் சொல்லும் இல்லை. வானொலியில், தொலைக்காட்சியில், வாரப் பத்திரிகைகளில் நம் தூலிக்கி சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடமான சொல். உண்மை பாடியவர் என்று ஊரே கொண்டாடும் ஒருவரின் வாயில் வந்த சொல்லை, அவர் பக்கத்திலேயே நின்று, அவர் விழாவிலேயே பொய் என்று சொல்லலாமா? சொன்னால் அவர் பெயர் கெடுமே. சொல்லாமல் விட்டால் கல் காலமெல்லாம் பொய் பேசுமே. இந்த இரண்டுக்கும் நடுவில்தான், நண்பர்களே, நான் புதன்கிழமையிலிருந்து தூங்காமல் இருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தூலிக்கியின் அப்பா ஆற்றில் மரக்கட்டை மிதக்கவிட்டு ஓட்டிச் செல்பவர். ஒரு நாளைக்கு ஐந்து சொல் பேசுவார். அதில் மூன்று கட்டையிடம். அம்மா பால் பண்ணையில் வேலை. அவரும் பேச்சில் சிக்கனம்தான். சொல்லே புழங்காத வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இத்தனை சொல் எங்கிருந்து வந்தது? இதோ, இந்த நடனக் கொட்டகையின் காப்பி ஜன்னலிலிருந்து வந்தது. பதினாறு வயதில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தார். ஆடிக் களைத்தவர்கள் காப்பிக்கு வருவார்கள். வந்தவர்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். கோப்பையைப் பார்த்தால் பேசுவார்கள். தூலிக்கி அதையெல்லாம் காப்பிப் பொட்டலத்தைப் பிரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தார். எழுதியது பாட்டாக வந்தது.

அந்தப் பாட்டோடு ஒருநாள் இசைக்குழுத் தலைவர் ரெய்னோவிடம் போனார். நான் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"ரெய்னோ, ஒரு பாட்டு எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாக்கிறீங்களா?"

"காப்பி சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதைக் கொடு. ஒரு ஆளுக்கு ஒரு தொழில் போதும்."

அவ்வளவுதான். தூலிக்கி காப்பியைக் கொடுத்தார். பொட்டலத் தாளை மடித்து மேலாடைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது விளக்கின் கதைக்கு வருகிறேன். பின்வரிசை இளைஞர்களுக்குத் தெரிந்ததுதான். சனிக்கிழமை தோறும் ஆட வருகிறீர்கள். ஆனாலும் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும். ஆண்கள் போய்ப் பெண்களைக் கேட்க வேண்டும். எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரே ஒரு மணி நேரம் பெண்கள் முறை. அப்போது பெண்கள் போய் ஆண்களைக் கேட்கலாம். பிறகு மறுபடி ஆண்கள் முறை, ஆட்டம் முடியும்வரை. எந்த முறை என்பதைக் கூரைக்குக் கீழே எரியும் விளக்கு சொல்லும். நீல விளக்கு ஆண்கள், சிவப்பு விளக்கு பெண்கள். விசை வாசலில், என் கைக்குப் பக்கத்தில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் சங்கம் ஒரு புதுப் பலகை வாங்கியது. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளை வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து. விசையை மேலே தள்ளினால் ஒன்று எரியும், கீழே தள்ளினால் இன்னொன்று எரியும். நவீனம், நாகரிகம், நகரத்துச் சாமான்.

எனக்குப் படிக்கத் தெரியாது.

என்ன, இங்கே இத்தனை அமைதி? ஆம். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. ஆறு ஆண்டு பள்ளியில் கடைசி பெஞ்சில் இருந்தேன். எழுத்துகள் என் கண்முன் எறும்பாய் ஊர்ந்தன, ஒன்றுகூட நின்று பெயர் சொல்லவில்லை. வாத்தியார் என்னைச் சோம்பேறி என்றார். சோம்பேறி என்ற பெயர் முட்டாள் என்ற பெயரைவிட நல்லது என்று நானும் ஏற்றுக்கொண்டேன். பிறகு ஒரு வாழ்நாள் முழுக்க மறைத்தேன்.

நம் ஃபின்னிய மொழியில் 'ஆண்கள்', 'பெண்கள்' என்று அந்தப் பலகையில் எழுதியிருப்பதைப் போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் ஏழெழுத்து. கடைசி நான்கும் ஒன்றே. முதலெழுத்துகள்கூட ஒருதாய்ப் பிள்ளைகள். ஒன்றுக்கு ஒரு கால் அதிகம், அவ்வளவுதான். எழுத்தை எண்ணிப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய பொறி யார் வைக்க முடியும்?

மின்சாரக்காரர் மேலே இது, கீழே அது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு வாரத்தில் எனக்கு மாறிப்போனது. சனிக்கிழமை ஏழு மணிக்கு விசையை மேலே தள்ளினேன். பளிச்சென்று எரிந்தது. பெருமையோடு பார்த்துவிட்டுச் சீட்டுக் கிழிக்கத் திரும்பினேன்.

பெண்கள் முறை எரிந்துகொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் யாராவது ஓடிவந்து 'என்னய்யா இது' என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் கேட்பார்களா? ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்குக் கால் மணி நேரம் காத்து நிற்கும் ஜனங்கள் நாம். ஆண்கள் பெஞ்சில் நடந்த உரையாடலைப் பிறகு ஒருவர் எனக்கு அப்படியே சொன்னார்.

"என்னடா, ஏழு மணிக்கே பெண்கள் முறை?"

"பலகை சொல்லுது."

"பலகை தப்பா இருந்தா?"

"பலகை எப்படிடா தப்பா இருக்கும்? கரண்டுல எரியுதே."

உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் எழுந்தார்கள். முதலில் தயங்கி, பிறகு தாராளமாக.

லெம்பி என்று ஒருவர் இருந்தார். பால்வண்டியில் கேன் தூக்குபவர், ஐம்பத்தொரு வயது. ஆண்கள் முறையில் யாரும் அவரைக் கேட்டதில்லை. கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் இளம்பெண்கள் முந்திக்கொள்வார்கள். பதினோரு கோடையாகச் சுவரோரம் நின்று, கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர். அன்று அவர் நேராகக் கடைக்கார வில்ஹோவிடம் நடந்தார்.

"வில்ஹோ, எழுந்திரு."

"எனக்குக் கால் வலி, லெம்பி."

"பதினோரு வருஷமா நின்னது என் கால். உன் கால் உக்காந்துதானே இருந்துச்சு."

வில்ஹோ எழுந்தார். அன்று மாலை அவர் மறுபடி உட்காரவே இல்லை.

எட்டு மணிக்கு விசையை மாற்றத் திரும்பினேன். பார்த்தால் பெண்கள் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, நான் சீட்டுக் கிழிக்கும் மும்முரத்தில் யாரோ விசையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் சும்மா விட்டேன். ஒன்பது மணிக்கு அன்றைய சங்கத் தலைவர் தொய்வோ கார்ப்பினென் வந்தார். சவுனா நீராவிக் குளியலில் வெந்து சிவந்த முகத்தோடு, ஈரத் தலையோடு வந்தார். வந்தவர் பலகையைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏழு மணியிலேர்ந்து இதுதான் எரியுதாமே?"

கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தேன்.

"அங்க என்ன எழுதியிருக்கு? படி."

நண்பர்களே, என் வாழ்க்கையில் நான் பயந்த ஒரே சொல் அது. படி. அதற்காகத்தான் நான் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்தேன். அதற்காகத்தான் நல்ல வேலைகளை வேண்டாம் என்றேன். நூறு பேர் பார்க்க, பளபளக்கும் வெளிச்சத்தில், படி என்கிறார். நான் நின்றேன். பேசாமல் நின்றேன்.

"வேணும்னே பண்ணினியா?"

அதற்கும் பேசவில்லை. நம் நாட்டில் பேசாமல் நிற்பவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஊமை என்றா? இல்லை. உறுதியானவன் என்பார்கள். அப்போது என் முதுகுக்குப் பின்னால் காப்பி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. பத்தொன்பது வயதுக் குரல்.

"வேணும்னுதான் பண்ணாரு, தலைவரே. நல்லாத்தான் பண்ணாரு. வேணும்னா உள்ள போய் லெம்பிகிட்ட கேளுங்க."

தலைவர் உள்ளே போகவில்லை. லெம்பியிடம் கேட்கும் துணிச்சல் எந்தத் தலைவருக்கு இருந்தது? "இன்னொரு தடவை நடந்துச்சுன்னா சாவியைக் கொடுத்துட்டுப் போயிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். விளக்கு ஆட்டம் முடியும்வரை அப்படியே எரிந்தது.

மறுவாரம் தூலிக்கி மேலாடைப் பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். ரெய்னோ இம்முறை காப்பி கேட்கவில்லை. பாட்டைக் கேட்டார். அதன் பல்லவி உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

*கேட்கத்தான் வாய் இருக்கே,*
*காத்திருக்கக் கால் எதுக்கு?*

ஆறே சொல்தான். எத்தனை சுவர்களை அது காலி செய்தது?

பாட்டு ஹெல்சிங்கிக்குப் போனது. இருபத்தொரு வயதில் தூலிக்கியும் போனார். பெரிய கம்பெனி ஒன்று இசைத்தட்டு போட அழைத்தது. பெயர் வேண்டாம், அந்தக் கம்பெனி இன்று இல்லை, அந்த மனிதரும் இல்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மேலாளர் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்.

"மெட்டு அருமை. ஆனா பொண்ணு போய்க் கேட்டா அது பாட்டு இல்லம்மா, விண்ணப்பம்."

"ஆம்பளை கேட்டா?"

"அது காதல்."

அவர்களே திருத்தினார்கள். நம் பாட்டு நகரத்திலிருந்து எப்படித் திரும்பி வந்தது தெரியுமா?

*கேட்க அவன் வரும்வரைக்கும்*
*காத்திருக்கும் கால் எனக்கு.*

அதே மெட்டு. அதே கேட்பது, அதே காத்திருப்பது, அதே கால். லெம்பியை மட்டும் மறுபடி சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். தூலிக்கி கையெழுத்துப் போட்டாரா? போட்டார். மறைக்க வேண்டியதில்லை, அவரே எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வயது, வெளியூர், மேசை பெரியது, பேனா அவர்களுடையது. போட்டார். தட்டு விற்றது. வானொலியில் நாளுக்கு மூன்று முறை வந்தது. சுவரொட்டியில் தூலிக்கியின் முகத்தை இந்த வாசலில் நான்தான் ஒட்டினேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இந்த மேடைக்கே பாட வந்தார். மேலாளரும் கூட வந்து பின்னால் காப்பியோடு நின்றார். கொட்டகை நிரம்பி வழிந்தது. தூலிக்கி தட்டில் இருந்தபடியே பாடினார். ஜோடிகள் ஆடின. பாட்டு முடிந்தது.

நம் வழக்கம் என்ன? பாட்டு எப்போதும் இரண்டிரண்டாக வரும். ஒருவரைக் கேட்டால் இரண்டு பாட்டுக்கு ஆட வேண்டும், பிறகுதான் அவரவர் இடத்தில் கொண்டுபோய் விடலாம். ஒரு பாட்டோடு கைவிட்டுப் போவது, கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஆகவே முதல் பாட்டு முடிந்ததும் ஜோடிகள் கைகோத்தபடி நின்றார்கள், கூரையைப் பார்த்துக்கொண்டு. வில்ஹோவின் கையில் லெம்பி. லெம்பி கூரையைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்தார்.

தூலிக்கி ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்தார். "இப்பப் பாடினது கம்பெனி எழுதினது," என்றார். "அடுத்தது நான் எழுதினது. மெட்டு ஒண்ணுதான். பொறுத்துக்குங்க."

ரெய்னோ கேள்வியே கேட்காமல் அக்கார்டியனை விரித்தார். அதே மெட்டில் உண்மையான சொற்கள் வந்தன. நம் ஜனங்கள் ஆடும்போது பாடமாட்டார்கள், தெரியுமல்லவா? அன்று லெம்பி பாடினார். பிறகு பெண்கள் எல்லோரும் பாடினார்கள். மேலாளர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் காருக்குப் போனார். பத்து நாளில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது.

பாடகி என்ன ஆனார்? ஆறு ஆண்டு நூலகப் பேருந்து ஓட்டினார். பனியிலும் சேற்றிலும் பண்ணை பண்ணையாகப் புத்தகம் கொண்டுபோனார். சனிக்கிழமை எந்தக் கொட்டகை கூப்பிட்டாலும் போய்ப் பாடினார். எப்போதும் அதே ஏற்பாடு: முதல் பாட்டு அவர்களுடையது, இரண்டாம் பாட்டு தன்னுடையது. தட்டில் இல்லாத பாட்டு வாய்வழியே பரவியது. தாய் மகளுக்குச் சொன்னாள், தையற்காரி வாடிக்கைக்காரிக்குச் சொன்னாள். கடைசியில் எண்பத்தைந்தில் ஒரு சின்னப் பதிவுக்கூடத்தில் தன் சொற்களோடு, தன் பெயரோடு பாடிப் பதிந்தார். மீதி உங்களுக்குத் தெரியும். ஒன்பது இசைத்தொகுப்புகள். பால்வண்டிப் பாட்டு, விவாகரத்துப் பாட்டு, அப்பாவின் ஐந்து சொல்லைப் பற்றிய பாட்டு; அது வந்த ஆண்டு கட்டை ஓட்டுபவர்கள் அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர்களும் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் அழுதார்கள்.

அந்த நூலகப் பேருந்து என் வாசலிலும் நிற்கும். தூலிக்கி இறங்கிவந்து எனக்கு ஒலிநாடாக்களைத் தருவார். "இந்தக் கேசட்டுல கதை வாசிக்கிறவருக்கு நல்ல குரல், ஆர்வோ. கேட்டுப் பாருங்க." புத்தகம் வேண்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நூலகத்தில் எல்லோருக்கும் ஒலிநாடாதான் தருவார்கள் என்று ஆறு ஆண்டு நம்பினேன்.

பேட்டிகளில் அவரிடம் கேட்பார்கள், உங்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "எங்க ஊர்ல ஆர்வோன்னு ஒருத்தர், யார்கிட்டயும் கேக்காம பெண்களுக்கு ஒரு முழு மாலையைக் கொடுத்தாரு. அதைப் பார்த்துத்தான் எனக்கு வந்துச்சு." கடையில் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்து கைகுலுக்கினார்கள். இரவல் சட்டை, நண்பர்களே, எனக்கு நன்றாகத்தான் பொருந்தியது. கழற்ற மனம் வரவில்லை. கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமே.

எழுபத்திரண்டு வயதில் ஊர்ப் பயிலகத்தில் சேர்ந்தேன். மூன்று குளிர்காலம். எறும்புகள் ஒவ்வொன்றாக நின்று பெயர் சொல்லின. இப்போது நான் பால் அட்டையைப் படிக்கிறேன், பேருந்துப் பலகையைப் படிக்கிறேன், மருந்துச் சீட்டை இரண்டு முறை படிக்கிறேன். எதைப் பார்த்தாலும் படித்துவிடுகிறேன், நிறுத்த முடியவில்லை. அப்படித்தான் கல்லையும் படித்தேன். படிக்க முடிந்த மகிழ்ச்சியும் படித்ததன் வெட்கமும் ஒரே நிமிடத்தில் வந்தன.

இன்று காலை எட்டு மணிக்குத் தூலிக்கியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். காப்பி ஊற்றினார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நான் வேணும்னு பண்ணலை, தூலிக்கி."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"அதுக்கும் முன்னாடியே. படகு நேரம் பாத்துச் சொல்லுன்னு ஜன்னலுக்கு வருவீங்களே. கண்ணாடியை வீட்டுல வச்சிட்டேன்னு சொல்வீங்க. மூணு கோடையா வீட்டுலயேதான் இருந்துச்சு. உங்க மூக்குல ஒரு கண்ணாடியை நான் பார்த்ததே இல்லை."

"அப்புறம் ஏன் தொய்வோகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"படின்னாரு. உங்க முகம் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆயிடுச்சு. நான் என்ன, பன்னை எண்ணிக்கிட்டு நிக்கவா?"

"சரி, அன்னைக்குச் சொன்னீங்க. டிவியில வேற ஏன் சொல்லணும்?"

"ஒரு பொய்யை ஒரு தடவை சொன்னா, கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லணும். உண்மையைத்தான் இஷ்டத்துக்கு மாத்திச் சொல்லலாம்."

நான் சொன்னேன், இன்று மேடையில் இதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. அவர் கரண்டியால் கலக்கினார். அவர் காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. ஆனாலும் கலக்கினார்.

"ஊரு என்னைப் பொய்க்காரின்னு சொல்லும், ஆர்வோ. என் சொல்லை மாத்தாதேன்னு கம்பெனிகிட்ட மல்லுக்கு நின்னவ நான். அறுபத்திரெண்டு வயசுல இது தேவையா?"

"அதுதான் எனக்கும் பயம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நிறுத்திடறேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், "படிக்க எவ்வளவு நாளாச்சு?"

"மூணு குளிர்காலம்."

"மூணு குளிர்காலம் கஷ்டப்பட்டது, ஒரு பொய்யைப் படிச்சுட்டு வாயை மூடிக்கிட்டுப் போறதுக்கா? சொல்லுங்க. ஆனா முணுமுணுக்காதீங்க. பின்வரிசைக்குக் கேக்கணும்."

பின்வரிசைக்குக் கேட்கிறதா? நல்லது.

பிறகு அவர் பாட்டுக்காரியாகிவிட்டார். "கல்லுல எந்தச் சொல்லை மாத்தணும்?" என்றார். 'துணிந்து' என்றேன். "என்னன்னு?" 'தவறி' என்றேன். விரல்விட்டு எண்ணினார். "நாலெழுத்து இருந்த இடத்துல மூணு. ஒரு இடம் மிஞ்சும். காலியா விடச் சொல்லுங்க எஸ்கோகிட்ட. மூச்சு விட இடம் வேணும்ல."

அவையோரே, இவரா பொய்க்காரி? நகரத்து மேசையில் தன் சொல்லை விட்டுக்கொடுத்து, பிறகு நம் முன்னால் நின்று அதை மீட்டெடுத்தவர். மீட்டெடுத்ததற்காக ஆறு ஆண்டு வாழ்வை விலையாகக் கொடுத்தவர். பாட்டில் ஒரு எழுத்து பொய்யாவதைப் பொறுக்காத இவர், வாழ்நாளில் ஒரே ஒரு பொய்யைத்தான் சுமந்தார். யாருக்காக? தனக்காகவா? ஒரு வாசற்காரன் நூறு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்காக. தன் பாட்டுக்கு வர வேண்டிய புகழில் பாதியை எடுத்து, படிக்கத் தெரியாத ஒருவனின் வெட்கத்துக்குப் போர்வையாகப் போட்டார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, நாற்பத்துமூன்று ஆண்டு. அந்தப் போர்வையின் கதகதப்பில் தூங்கியவன் சொல்கிறேன், எனக்கு இனி குளிரவில்லை. இவர் தோளிலிருந்து அந்தப் பாரத்தை இன்று இறக்கிவைக்கிறேன்.

இனி ஒன்று. இது தூலிக்கிக்கும் தெரியாது. நேற்று மாலையே எஸ்கோவின் பட்டறைக்குப் போனேன், தலைவர் ஹில்க்காவையும் கூட்டிக்கொண்டு. தூலிக்கி வேண்டாம் என்றிருந்தால் காலையிலேயே எஸ்கோவிடம் சொல்லி நிறுத்தியிருப்பேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே நடக்கப் போகிறது. 'துணிந்து' என்ற சொல்லை அழிக்கச் சொல்லவில்லை நான். நல்ல சொல் அது. ஏன் அழிய வேண்டும்? அது தவறான ஆளின் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதை எழுப்பி, உரிய இடத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்றேன். அன்று மாலை நான் செய்தது பிழை. பிழைகள் தினமும் நடக்கின்றன. பாட்டு தினமும் பிறப்பதில்லை. சுவரோரம் நின்றவளைப் பார்த்தவர் யார்? பார்த்ததை எழுதியவர் யார்? எழுதியதை விற்கும் கூட்டத்தின் முன்னால் திருப்பிப் பாடியவர் யார்? நானா?

எஸ்கோ கல்லைத் திருப்பி, பின்முகத்தில் புதிதாக வெட்டித் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை தொடங்குகிறார். இன்று துணிக்குள் இருப்பது பழைய வரி. அதைப் பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். புது வரி இது. என் கையால் எழுதியது, படிக்கிறேன்.

'ஆர்வோ கின்னுனென் தவறி ஏற்றிய விளக்கில், தூலிக்கி ரேசனென் துணிந்து எழுதிய பாட்டு இங்கே பிறந்தது.'

தூலிக்கி வேண்டாம் என்று தலையாட்டுகிறார். ஆட்டட்டும். காலையில் கேட்டபோது சரி என்றார், இப்போது மறுக்க முடியாது. கண்ணையும் துடைக்கிறார். அதை யாரும் பார்க்க வேண்டாம், கோப்பையைப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பன் ஆறிப்போனாலும் முகம் சுளிக்காத தாய்மார்களுக்கும், என்னை மேடையேற்றிய தலைவருக்கும், முணுமுணுக்காதே என்று சொல்லி அனுப்பியவருக்கும் என் நன்றி. உங்கள் பிள்ளைகள் நாளை இந்தக் கல்லைப் படிப்பார்கள். நானும் தினமும் வந்து படிப்பேன். வணக்கம்.